பஸ் பாஸை ரெக்கார்ட் நோட்டுக்குள் வையுங்கள்

கேள்வி: மேடம், வணக்கம். நாங்கள் சோழவந்தான் பக்கம். என் மகன் மதுரையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பள்ளிதான். அப்போது முதல் மூன்று ரேங்குக்குள் வருவான். டவுனுக்கு மாற்றியதிலிருந்து இறங்குமுகம். மண்டை இல்லாத பையன் இல்லை. எந்த மேட்ச்சில் யார் எத்தனை ரன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். ஆனால் ரெக்கார்ட் நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். வீட்டுப்பாடத்தை எழுதி முடித்துவிட்டு, கொடுக்க மறந்து பையிலேயே வைத்திருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு, “அம்மா, நாளைக்குச் சார்ட் கொண்டுபோகணும்” என்கிறான். இந்த வருஷம் மூன்று டிபன் பாக்ஸ், இரண்டு குடை போச்சு. காலாண்டில் கணக்கு 41. கேட்டால், இரண்டு ஐந்து மார்க் கேள்வியைப் பார்க்கவே இல்லை என்கிறான். காலையில் எந்திரித்ததிலிருந்து நான் கத்திக்கொண்டேதான் இருக்கிறேன். அவங்க அப்பாவுக்குக் கொடிக்காலில் வேலை. அலுத்து வருகிற நேரத்தில் இதைக் கேட்டால் கை நீட்டிவிடுகிறார். மூளைத்திறன் பயிற்சி என்று ஒரு மையத்தில் 12,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? இது நோயா, கொழுப்பா? மதிப்பெண் அட்டை நகல் இணைத்திருக்கிறேன்.

— ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கொழுப்பு இல்லை. நோயா என்பதற்குப் பிறகு வருகிறேன். 12,000 ரூபாய் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். வீட்டுப்பாடத்தை எழுதி முடித்துவிட்டுக் கொடுக்க மறந்துவிடுகிறான் என்ற வரி. சோம்பேறிப் பையன் இதைச் செய்ய மாட்டான், அவன் எழுதியிருக்கவே மாட்டான். உங்கள் மகன் கஷ்டமான பாதியை முடித்துவிட்டுச் சுலபமான பாதியில் தவறுகிறான். அறிவிலோ உழைப்பிலோ குறை இருந்தால் இப்படி நடக்காது. குறை வேறொரு இடத்தில் இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் இருக்கிறார், மேளக்காரர் இருக்கிறார், பந்தலும் போட்டாயிற்று. இவர்கள் தவிர ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பார். இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் மடித்த பட்டியல். அவர் சமைக்க மாட்டார், நாயனம் வாசிக்க மாட்டார். எந்த நேரத்தில் இலை போட வேண்டும், பெண் வீட்டு வேன் எங்கே நிற்கிறது, பால் தீர்ந்தால் யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் இல்லாத கல்யாணத்தில் சாப்பாடு பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் முகூர்த்தத்துக்குத் தாலி வந்திருக்காது.

மனித மூளையிலும் அப்படி ஒரு மாமா உண்டு. திட்டமிடுவது, நேரத்தைக் கணிப்பது, ஒரு காரியத்தைத் தொடங்குவது, நடுவில் வேறெதுவும் இழுத்தால் அடக்கிக்கொள்வது, நாலு விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே ஐந்தாவதைச் செய்வது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றைச் சேர்த்து எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். நான் செயலாண்மை என்று சொல்லி வருகிறேன், பிடிக்காவிட்டால் மாமா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடைகிற பகுதிகளில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். உங்கள் மகன் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், மாமாதான் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். சில பிள்ளைகளுக்கு அவர் வெள்ளனே வந்துவிடுவார், சிலருக்குத் தாமதம்.

அப்படியானால் ஐந்தாம் வகுப்பு வரை எப்படி நன்றாகப் படித்தான் என்று கேட்பீர்கள். அப்போது அவனுக்கு மாமாவாக இருந்தது ஊர்ப் பள்ளி ஆசிரியர். ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியர். “நோட்டை எடு, இந்தப் பக்கத்தைத் திற, இப்ப மூடு, மேசை மேல வை” என்று அவரே எல்லாவற்றையும் நடத்தியிருப்பார். மறந்த நோட்டை எடுத்துவர வீடும் பக்கத்தில். இப்போது பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கெடு தேதி, காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பையன் கெட்டுப்போகவில்லை. அவனைத் தாங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு ஒரே நாளில் கழன்றுவிட்டது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தலைக்குள் எவ்வளவு பிடித்து வைக்க முடியும் என்பதை நீங்களே வீட்டில் பார்த்திருப்பீர்கள். “கடைக்குப் போய் அரைக்கிலோ உளுந்து, கால்கிலோ சீனி, சோப்பு, தீப்பெட்டி, சாம்பிராணி, அப்படியே மாவு மில்லுல நம்ம தூக்கு இருக்கான்னு கேட்டுட்டு வா” என்று அனுப்பினால் எத்தனை திரும்பி வரும்? உளுந்தும் சாம்பிராணியும் வரும், சாமான்களில் முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும். நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர்களுக்கே ஒரு நேரத்தில் மனதில் நிற்பது ஏறத்தாழ நாலு விஷயம்தான் என்றார். காலையில் நீங்கள் அடுப்படியிலிருந்து கத்துகிற ஏழெட்டுக் கட்டளைகளில் ரெக்கார்ட் நோட்டு எத்தனையாவது என்று எண்ணிப் பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோர் வேறு கணக்கு. அது பல முறை பேசிப் பேசி ஊறிப்போன நினைவு. நாளைக்குச் செய்ய வேண்டியதை நாளைக்கு, அதுவும் சரியான நிமிஷத்தில் நினைத்துக்கொள்வது அதைவிடக் கடினமான வேலை.

அதனால் நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று. ஞாபகத்தைத் தலையிலிருந்து எடுத்து, காரியம் நடக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். அறிவுரை கொடுக்கிற இடமும் மறதி நடக்கிற இடமும் வேறு வேறாக இருப்பதுதான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். ராத்திரிச் சாப்பாட்டில் அரை மணி நேரம் பேசுகிறோம். மறதியோ காலை ஏழே காலுக்கு வாசற்படியில் நடக்கிறது.

போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பையைக் கொட்டச் சொன்னேன். அடியில் இரண்டு மாதத்துக்கு முந்தைய வினாத்தாள், நாலாக மடித்தது. மூடி இல்லாத இரண்டு பேனா. முறுக்குப் பொட்டலக் காகிதம். சுற்றுலாவுக்கு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம், சுற்றுலா முடிந்து மூன்று வாரம் ஆகியும் உள்ளேயே கிடந்தது. அந்தப் படிவத்தைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. “நான் குடுத்துட்டேன்னு நினைச்சேன் மிஸ்” என்றான். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறான்.

அவனுக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டில் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. முதலில் பையை வாசலில் செருப்பு கிடக்கும் இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டச் சொன்னேன். நோட்டைச் செருப்பின் மேலேயே வைத்தால் இன்னும் நல்லது, மறக்கவே முடியாது. ஆனால் சரஸ்வதியைச் செருப்பில் வைக்கச் சொன்னதாக அவன் அப்பத்தா என்னை வைவார்! அடுத்தது, மறுநாள் கட்டாயம் போக வேண்டிய நோட்டு எதுவோ, அதற்குள் பஸ் பாஸை வைப்பது. பாஸ் இல்லாமல் கிளம்ப மாட்டான், எடுக்கப் போனால் நோட்டு கையில் வரும். மூன்றாவது, எழுதி முடித்த வீட்டுப்பாடத்துக்கென்று சிவப்பு அட்டை போட்ட ஒரே ஒரு உறை. கொடுக்க வேண்டியது எல்லாம் அதற்குள்தான். வகுப்பில் நோட்டு கேட்டால் உறையை மட்டும் திறந்தால் போதும். இத்தனைக்கும் சேர்த்து ஆன செலவு நாற்பது ரூபாய்கூட இல்லை.

இதையெல்லாம் நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள், அவனை உட்கார வைத்துக் கேளுங்கள். “தம்பி, ரெக்கார்ட் நோட்டு மேசையிலேயே நின்னுபோகுதே, அது வாசலுக்கு வர என்ன வழி?” என்று. அவன் சொல்கிற வழி நம்முடையதைவிட மட்டமாக இருந்தாலும் ஒரு வாரம் அதையே செய்து பாருங்கள். தானே போட்ட ஏற்பாட்டைப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் என் வீட்டில் கத்துகிறவள்தான். “ரெக்கார்ட எடுத்தியா? தண்ணி எடுத்தியா?” என்று நாம் கேட்கும்போது நினைவு வைக்கிற வேலையை நம் மூளை செய்கிறது, பையனின் மூளை ‘ம்’ போடுகிற வேலையை மட்டும் செய்கிறது. நாலு வருஷம் ‘ம்’ போட்டால் ‘ம்’ போடுவதில் தேர்ச்சி வரும். “நாளைக்கு என்னென்ன பீரியட்? பையைத் திறந்து பார்த்துச் சொல்லு” என்று ராத்திரி எட்டரைக்கு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். கால அட்டவணையைப் பார்க்கவும் பையோடு ஒப்பிடவும் குறை எதுவென்று கண்டுபிடிக்கவும் அவன் மூளைதான் வேலை செய்தாக வேண்டும். முதல் வாரம் பத்து நிமிஷம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்க உட்காருவதற்கும் இதே மாதிரி ஒரு கொக்கி வேண்டும். “சாயங்காலம் படிக்கிறேன்” என்பது எந்தச் சாயங்காலம் என்று யாருக்கும் தெரியாது. பீட்டர் கால்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இதில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள், வெறுமனே ‘செய்வேன்’ என்றவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது, “டீ குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்ததும் கணக்கு நோட்டைத் திறப்பேன்” என்று இருக்கலாம். திறப்பேன் என்பது போதும், ஒரு மணி நேரம் படிப்பேன் என்று சொல்ல வைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தொடங்குவதுதான் மலை. முதல் கணக்கின் முதல் வரியை எழுதிவிட்டால் பாதி நாள் பேனா தானாக ஓடும். படிக்கும்போது செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

பத்து மணிச் சார்ட்டுக்கு வருவோம். அவன் வேண்டுமென்று கடைசி நேரத்தில் சொல்லவில்லை, நேரத்தின் நீளம் அவனுக்குப் பிடிபடவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் பிடிபடுகிறதா என்ன? 1994இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். என் வீட்டு மாடியைக் கட்டிய மேஸ்திரி “தைக்குள்ள முடிச்சிருவோம்” என்று சொல்லி ஆடியில் முடித்தார். அவரும் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார்.

நேரக் கணிப்பைப் பழக்க ஒரு சின்ன விளையாட்டு உண்டு. சமூக அறிவியல் வரைபடத்தில் இடங்களைக் குறிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கேளுங்கள். “பத்து நிமிஷம்” என்பான். நோட்டு ஓரத்தில் 10 என்று எழுதச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். முடிந்ததும் பக்கத்தில் நிஜ நேரத்தை எழுதட்டும். பெரும்பாலும் 30, 35 என்று வரும். அதைப் பார்த்து நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், முக்கியமாக, “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்பது வேண்டாம். இரண்டு வாரத்தில் அவனே “அரை மணி நேரம் ஆகும்மா” என்று சொல்ல ஆரம்பிப்பான். பெரிய ப்ராஜெக்டுக்கு மாதக் காலண்டரில் கெடு தேதியை வட்டமிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறித்தால் பத்திரிகை எப்போது, மண்டபம் எப்போது என்று பின்னோக்கி எண்ணுவோமே, அப்படி எண்ணச் சொல்லுங்கள். சார்ட் வாங்கும் நாளும் காலண்டரில் ஒரு கட்டத்தில் வந்துவிடும்.

காலாண்டில் பார்க்காமல் விட்ட இரண்டு கேள்விக்கு: எழுதி முடித்ததும் வினாத்தாளில் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, அதே எண் விடைத்தாளில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் அதற்கு மட்டும். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, இப்போதே பழகட்டும்.

இனி அவன் அப்பாவுக்கு. இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அய்யா, 2009 கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மீனாட்சி கோயில் கோபுரங்களைச் சாரம் கட்டிக் கீற்றால் மூடியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 170 அடி தெற்குக் கோபுரத்தில் சுதை வேலை பார்க்க ஆள் நிற்பதற்கு அந்தச் சாரம் வேண்டும். வேலை முடிய முடிய அதைப் பிரிக்கவும் வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் சாரம் என்றே மூன்று ஆய்வாளர்கள் 1976இல் எழுதினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் மாதிரி ஒன்றைக் கட்டும்போது, சொல்லிக் கொடுப்பவர் எவ்வளவு கை கொடுக்கிறார், எப்போது கையை எடுக்கிறார் என்று பார்த்தார்கள். தடுமாறும்போது கொஞ்சம் கூட்டுவதும், வந்துவிட்டால் குறைப்பதும்தான் அதன் சூட்சுமம். நான் சொன்ன ஏற்பாடுகளையும் அப்படியே பிரிக்க வேண்டும். ஆறு வாரம் நன்றாகப் போனால் ராத்திரிக் கேள்வியை நிறுத்திப் பாருங்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். அந்த வாரம் ஒருநாள் நோட்டை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். மாலையில் “எந்த இடத்துல விட்டுப்போச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொடிக்காலில் அகத்தி வளர்ந்த பிறகுதான் வெற்றிலைக்கொடி நடுகிறீர்கள், கொடி ஏற ஏற அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போகிறீர்கள். கொடி நன்றாக வளர்ந்துவிட்டது, இனி தானாக நிற்கட்டும் என்று யாரும் அகத்தியை வெட்டுவதில்லை. நாட்குறிப்பு, காலண்டர், வாசல் ஆணி எல்லாம் அந்த வகை. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஸ்கூட்டர் சாவிக்கு இன்றைக்கும் கதவோரத்தில் ஆணி உண்டு. கைநீட்டுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். பயத்தில் முதலில் கைவிடுவது மூளையின் அந்த முன்பகுதிதான். அடி விழும் என்ற நினைப்போடு கிளம்புகிற பையன் இன்னும் இரண்டு பொருளை மறப்பான்.

சகோதரி, அந்தப் பயிற்சி மையம். மூளை விளையாட்டுகளால் அந்த விளையாட்டில் தேர்ச்சி வருகிறது, அது பள்ளிக் கணக்குக்கோ வாசிப்புக்கோ போய்ச் சேருவதில்லை என்பதுதான் 2013 முதல் பல ஆய்வுத் தொகுப்புகள் சொல்லி வருவது. படிப்புக்கும் வேலைக்கும் உதவும் என்று விளம்பரம் செய்த லூமாசிட்டி செயலியின் நிறுவனம், ஆதாரம் இல்லாமல் ஏமாற்றியதாக எழுந்த புகாரில், 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. யாராவது வல்லாரை வாங்கிக் கொடுக்கச் சொன்னால் துவையல் அரையுங்கள், நன்றாக இருக்கும். ரெக்கார்டைப் பைக்குள் எடுத்து வைக்க அதற்குக் கை கிடையாது.

நோயா என்ற கேள்வி. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே தொல்லைகள் வரும். ஆனால் அப்படிச் சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், பள்ளி, வீடு என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அவன் வயதுக்கு மீறியதாகவும் இருக்க வேண்டும். மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும், என்னாலும் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேலே சொன்னதை மூன்று மாதம் செய்தும் அசைவில்லை என்றாலோ, அவன் சிரிப்பது குறைந்து, விளையாடப் போகாமல், தூக்கம் கெட்டு இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எதற்கும் கண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாமல் வீட்டுப்பாடத்தை அரைகுறையாகக் குறித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது இரண்டே உதவி கேளுங்கள். வீட்டுப்பாடத்தை மணி அடிக்கிற நேரத்தில் வாயால் சொல்லாமல் பலகையில் எழுதிப் போட முடியுமா, பெரிய ப்ராஜெக்டை இரண்டு பாகமாக இரண்டு தேதியில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று. வகுப்பில் உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, இன்னும் பத்துப் பேருக்காவது அது உதவும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி வருகிற வீட்டுப்பாடப் படத்தை நீங்கள் பார்த்து அவனுக்குச் சொல்ல வேண்டாம், அவன் குறித்து வந்ததோடு அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அரையாண்டுக்கு முன்னால் இன்னொரு கடிதம் எழுதுங்கள். மதிப்பெண் அட்டை நகல் இணைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், உறைக்குள் இல்லை. பரவாயில்லை, இரண்டையும் சேர்த்து அப்போது அனுப்புங்கள்.